ஆத்மா இருக்கட்டும், பேஸ் கேட்கிறதா?

ரெகே ரசிகர்களிடம் எந்த ரெக்கார்டில் தொடங்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் எழுபதுகளைத்தான் கைகாட்டுவார்கள். கூடவே ஒரு பெருமூச்சும் இலவசமாக வரும்: 1985-இல் கீபோர்டும் டிரம் மெஷினும் உள்ளே நுழைந்தன, அன்றோடு ரெகேயின் ஆத்மா போய்ச் சேர்ந்தது. இந்தத் துக்கத்தில் என்னால் பங்கெடுக்க முடியவில்லை. காரணம் எளிது. ரெகேயின் கிளையான டப் பிறந்ததே ஒரு ரிப்பேர்காரர் கையில். ஜமைக்காவின் கிங்ஸ்டனில், வாட்டர்ஹவுஸ் பகுதியில் ரேடியோ பழுது பார்த்து, தெரு நடனங்களில் ரெக்கார்ட் ஒலிக்கவிடும் சவுண்ட் சிஸ்டங்களுக்கு ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொடுத்தவர் கிங் டப்பி. பாடத் தெரிந்து வந்தவரல்ல, கிடார் தூக்கி வந்தவரும் அல்ல. யாரோ பாடி வைத்த பாட்டை எடுத்து, குரலை நறுக்கி, டிரம்மையும் பேஸையும் அம்மணமாக நிறுத்தி, நடுநடுவே எக்கோவை அள்ளி வீசினார். மிக்ஸிங் கன்ஸோலே அவருடைய வாத்தியம். ஆக, டப் வீட்டுக்கு மெஷின் விருந்தாளியாக வரவில்லை, வீட்டுக்காரரே அதுதான். புதிதாகக் கேட்க வருகிறவரை நான் 1985-இல்தான் இறக்கிவிடுவேன்.

அந்த வருடத்து முதல் சாட்சி, வெய்ன் ஸ்மித் பாடிய ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’. அதன் தாளமும் பேஸும் காசியோ எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டிலிருந்து வந்தவை. வீட்டில் பிள்ளைகள் தட்டி விளையாட வாங்கித்தரும் ரகம். அதில் ‘ராக்’ என்று ஒரு பட்டன். அமுக்கினால் தாளமும் பேஸும் தானாகவே ஓடும். நோயல் டேவி என்ற இளைஞரின் கீபோர்டில் அது அகப்பட, கிங் டப்பியிடம் தொழில் கற்ற ஜாமி அதன் வேகத்தைக் குறைத்துப் பதிவு செய்தார். பிப்ரவரி 1985-இல் வால்தம் பார்க் ரோட்டில் நடந்த சவுண்ட் சிஸ்டம் மோதலில் அதை அவர் ஒலிக்கவிட்டதும் ஜமைக்காவின் இசை திசை மாறியது. ஆத்மா கட்சியினர் இங்கே துள்ளிக் குதிப்பார்கள்: “பார்த்தீர்களா, ஜப்பான் தொழிற்சாலையில் வந்த பட்டன்!” கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பட்டனுக்குள் இருந்த தாளத்தை அமைத்தவர் ஹிரோகோ ஒகுதா. 1980-இல் காசியோவில் சேர்ந்த இசைப் பட்டதாரி. கல்லூரியில் அவர் ஆய்வுக்கட்டுரை எழுதியதே ரெகேயைப் பற்றி. ரெகேயில் ஊறிய ஒரு பெண் செய்த தாளத்துக்குக் கம்பெனி ‘ராக்’ என்று லேபிள் ஒட்டியது, வாட்டர்ஹவுஸ் பையன்கள் அதைச் சரியான விலாசத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆத்மா வெளியேறியதாகச் சொல்லப்படும் வாசலில் இத்தனை பேர் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அடுத்த புகார், எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறதாம். இருக்கும். ஒரே ‘ரிடிம்’, அதாவது தாளமும் பேஸும் சேர்ந்த பின்னணி, மேல் ஆளாளுக்குப் பாடுவதுதான் அந்த ஊர் வழக்கம். ஸ்லெங் டெங் மேல் டெனர் சா பாடினார், ஜானி ஆஸ்போர்ன் பாடினார், கணக்கில்லாமல் இன்னும் பலர் பாடினார்கள். இதை மெஷினின் தலையில் கட்டுவதுதான் அநியாயம். அதே 1985-இல் டெனர் சா புகழ்பெற்றது ‘ரிங் தி அலாரம்’ பாட்டால்; அதன் பின்னணி எழுபதுகளில் மனிதர்கள் வியர்க்க வியர்க்க வாசித்துப் பதிவு செய்த ‘ஸ்டாலக்’ ரிடிம். மனிதர் வாசித்ததைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் மரபு, மெஷின் வாசித்ததைப் பயன்படுத்தினால் சோம்பேறித்தனமா? கச்சேரி மேடையில் எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு ஆத்மார்த்தமாகத் தலையாட்டும் நாம் இந்தப் புகாரைச் சொல்லவே கூடாது.

பிழைப்பு போனது என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. ஒரு கீபோர்டும் ஒரு ஆளும் போதும் என்றானபின் ஸ்டுடியோ வாத்தியக்காரர்களுக்கு வேலை குறைந்தது உண்மை. அதனால் புதுப் பையன்களுக்குக் கதவு திறந்தது என்பதும் உண்மை; ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

சரி, எதைக் கேட்பது? ஸ்லெங் டெங்குக்குப் பிறகு, ஜாமியின் 1986 ஆல்பம் ‘கம்ப்யூட்டரைஸ்டு டப்’. பாட்டுகளின் பெயரே ‘256கே ராம்’, ‘மெகாபைட்’, ‘பெரிஃபெரல்ஸ்’. விலைப்பட்டியல் என்று நினைத்துவிட வேண்டாம். ‘க்ராஷ்’ என்றும் ஒன்று உண்டு, கம்ப்யூட்டரை நன்றாக அறிந்தவர் வைத்த பெயர். 256கே எல்லாம் இன்று சிரிப்பு மூட்டும் அளவு. பேஸ் மட்டும் இன்னும் சுவரை ஆட்டுகிறது. மெஷினிலும் சூடு உண்டு என்பதற்கு ஆதாரம் வேண்டுமானால், டப்பியே தயாரித்து ஆந்தனி ரெட் ரோஸ் பாடிய ‘டெம்போ’. பழைய பள்ளியின் தலைமையாசிரியரே புதுப் பாடத்திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டது அது. இனிய குரல்தான் வேண்டும் என்பவருக்கு கிரெகரி ஐசக்ஸின் ‘ரூமர்ஸ்’, கஸ்ஸி கிளார்க் தயாரிப்பு, முழுக்க டிஜிட்டல் பளபளப்பு. லண்டன் பக்கம் போனால் மேட் புரொஃபசர், மாஸிவ் அட்டாக்கின் ஆல்பம் ஒன்றைப் பிரித்துப்போட்டு 1995-இல் தந்த ‘நோ புரொடெக்‌ஷன்’. எனக்கு மூலத்தைவிட அதுதான் உயர்த்தி.

ஒரு வேண்டுகோள். இவற்றில் எதையும் போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு “ஒன்றுமே இல்லையே” என்று சொல்லாதீர்கள். அதில் பேஸ் வராது. பேஸ் இல்லாத டப்பில் உண்மையாகவே ஒன்றும் இல்லை. நல்ல ஹெட்போன் வாங்குங்கள், அல்லது பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்வரை காத்திருங்கள்.