வூட்டுக்குப் போறதுல எத்தினி தினுசு!

இன்னாடா பேராண்டி, ‘லே ஆஃப்’புக்கும் ‘ரிட்ரெஞ்ச்’சுக்கும் இன்னா வித்தியாசம்னு கேக்குற? டிக்‌ஷனரில ரெண்டும் ஒண்ணுன்னு போட்டுக்கீதா? நல்லா படிச்ச போ. நம்ம திருவொத்தியூரு புல்லட்டு வண்டி செஞ்ச ஊரு. தீப்பெட்டிக் கம்பெனி பேருல மெட்ரோ ஸ்டேஷனே நிக்குது, விம்கோ நகர்னு. இங்க கம்பெனி கேட்டாண்ட நின்ன எந்தக் கெழவனையும் கேளு, இங்கிலீஷு எலக்கணத்த காசுக் கணக்கோட சொல்லுவான்.

‘லே ஆஃப்’னா கரண்டு இல்ல, சரக்கு இல்ல, மிஷினு படுத்துக்கிச்சி. உன் பேரு மஸ்டர் ரோல்லதான் கீது. 1947-ல போட்ட தொழில் தகராறு சட்டப்படி, 50 பேராச்சும் வேலை செய்ற ஃபேக்டரில ஒரு வருசம் முடிச்சவனுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேத்து பாதி. அதுக்கும் தெனம் ஒருதரம் சொன்ன நேரத்துக்குப் போயி தலைய காட்டணும். புது மாப்பிள்ள கணக்கா வூட்ல சாஞ்சிகினு இருந்தா துட்டு வராது. ஓஎம்ஆர் ஐடி கம்பெனி பசங்க ‘லே ஆஃப்’புன்னு அழுவுறானுங்களே, அது அமெரிக்காக்காரன் பேச்சு. அங்க வேலையே காலி.

‘ரிட்ரெஞ்ச்’ன்னா பேர அடிச்சாச்சி. ஆனா சும்மா அடிக்க முடியாது. ஒரு மாச நோட்டீஸு, இல்லன்னா அதுக்குச் சம்பளம். முடிச்ச ஒவ்வொரு வருசத்துக்கும் 15 நாள் சம்பளம். கடைசியா சேந்தவன்தான் மொதல்ல போவணும். நீ ரொம்ப அலட்டிக்காத, லிஸ்ட்டுல உன் பேருதான் மேல. இப்ப சட்டத்துக்குப் புதுப் பேரு வெச்சிக்கிறாங்க, கணக்கு அதேதான்.

‘டிஸ்மிஸ்’னா தப்பு பண்ணிட்டன்னு விசாரண வெச்சி தொரத்துறது. நஷ்டஈடு? நாமம்.

‘டிஸ்சார்ஜ்’ கொஞ்சம் வெவகாரமான ஆளு. ஸ்டான்லி ஆஸ்பத்திரில டிஸ்சார்ஜ்னா ஸ்வீட்டு வாங்கறோம். ஹார்பர்ல டிஸ்சார்ஜ்னா கப்பல்லருந்து சரக்கு எறங்குது. கம்பெனில டிஸ்சார்ஜ்னா நீ எறங்குற.

இதுங்கள்ல ஷோக்கானது ‘ரிசைன்’தான். ஏசி ரூம்ல குந்த வெச்சி, காபி குடுத்து, “தம்பி, நீங்களே எழுதிக் குடுத்துட்டா உங்களுக்குத்தான் மரியாதை”ம்பாங்க. அந்த மரியாதை இன்னா வெலன்னு கேளு. தானா போறவனுக்கு ரிட்ரெஞ்ச் துட்டு கெடையாது. அஞ்சு வருசம் முடிச்சவனா இருந்தா கிராஜுவிட்டியாச்சும் வரும். நீ சேந்ததே போன வருசம் ஆடில. உனக்கு மிச்சம் அந்தக் காபிதான், சக்கரையாச்சும் தூக்கலா போடச் சொல்லு.