பாட்ஜ் அண்ணை

லண்டனில் எங்கள் சனம் எங்கே கூடினாலும், கல்யாணமோ அந்தியேட்டியோ, மண்டபத்து வாசலிலேயே அவரை அடையாளம் கண்டுகொள்ளலாம். மற்றவர்கள் மூன்று தெரு தள்ளிக் காரை விட்டுவிட்டு, சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்தபடி மழைக்குள் ஓடி வருவார்கள். அவர் மட்டும் வாசலோடு ஒட்டி நிறுத்துவார். ஆறுதலாக இறங்குவார். பின்கதவைத் திறந்து, கோயில் மூலஸ்தானத்திலிருந்து எழுந்தருளப் பண்ணுவதுபோல ஓர் ஆச்சியை வெளியே எடுப்பார். பிறகு நனைந்துபோய் நிற்கும் எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு. அவர்தான் பாட்ஜ் அண்ணை.

ஹரோவில் ஒருவர், டூட்டிங்கில் ஒருவர் என்று எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். நான் அண்டிப் பழகியவர் ஈஸ்ட்ஹாம்காரர்.

அவருடைய அம்மா லண்டனுக்கு வந்து இருபது வருடம். முதல் பதினேழு வருடமும் கோயில், ஆஸ்பத்திரி தவிர அவர் வேறெங்கும் வெளிக்கிட்டதாக நினைவில்லை. “அம்மாவுக்கு ஏலாது. குளிருக்குள்ளை ஏன் அலைக்கழிப்பான்?” என்பார் அண்ணை. நடக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்குக் கார் நிறுத்தச் சலுகை தரும் புளூ பாட்ஜ் வந்த கிழமையே அம்மாவுக்கு எல்லாம் ஏலத் தொடங்கிவிட்டது. பேரனின் ஃபுட்போல் மேட்சுக்கு ஆச்சி போனார். ஐக்கியாவுக்கு அலுமாரி வாங்கப் போனார். அண்ணையும் கூட்டாளிகளும் காட்ஸ் விளையாடும் இடத்துக்கும் ஒருநாள் வந்து, மூலையில் இருந்து தேவாரம் முணுமுணுத்தார். அன்று எல்லாருக்கும் தாள் பிசகியது.

காரணம் சட்டத்தின் முதல் வரி. பாட்ஜ் காருக்குக் கொடுப்பதல்ல, ஆளுக்குக் கொடுப்பது. ஆச்சி எந்தக் காரில் ஏறினாலும், வாடகை டாக்ஸியே ஆனாலும், பாட்ஜ் செல்லும். ஆச்சி இல்லாத காரில் அது நீல நிறத்தில் ஒரு மட்டை, அவ்வளவுதான். ஆளில்லாமல் பாவித்துப் பிடிபட்டால் ஆயிரம் பவுண் வரை தண்டம். “ஆயிரம் பவுணடா தம்பி” என்று அண்ணை சொல்லும்போது குரல் தழுதழுக்கும். தாய்ப்பாசம் சட்டத்துக்குள்ளால் வந்தாலும் பாசம்தானே என்று நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

பாட்ஜ் இலேசில் கிடைத்ததில்லை. ஓய்வூதிய வயதைக் கடந்தவர்கள் பிப் என்ற உதவிப்பணத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. அந்தப் பிப்பில், 50 மீட்டருக்கு மேல் நடக்கமாட்டார் என்று எட்டுப் புள்ளி விழுந்திருந்தால் பாட்ஜ் கேள்வி கேட்காமல் வரும். ஆச்சி எடுப்பதோ அட்டென்டன்ஸ் அலவன்ஸ். குளிப்பாட்ட, உடுப்பு மாற்ற ஆள் வேண்டும் என்பதற்கான காசு அது. நடப்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லாததால் பாட்ஜுக்கு அதைக் காட்டிப் பயனில்லை. கவுன்சில் ஆளை நேரே கூப்பிட்டு நடக்கவைத்துப் பார்க்கும்.

ஆச்சிக்கு முழங்கால் வாதம் உண்மையிலேயே உண்டு. வீட்டு வாசலிலிருந்து படலைக்குப் போவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குவார். ஆனால் கூப்பிட்ட அன்று விடியவே எழும்பி முழுகி, காஞ்சிபுரம் உடுத்து, திருநீறு பூசி, இரட்டைப்பட்டுச் சங்கிலியும் போட்டுக்கொண்டார். சோதிக்க வந்தது ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. “ப்ளீஸ் வோக்” என்றது. ஆச்சி நடந்தார். அப்படி ஒரு நடையை அண்ணை தன் சின்ன வயதில் நல்லூர்த் திருவிழாவில்தான் கண்டிருக்கிறார். நிற்கவில்லை, கதிரையைப் பிடிக்கவில்லை. திரும்பி வந்து, “தாங்க்யூ” என்று வேறு சொன்னார். மூன்று கிழமையில் மறுப்புக் கடிதம் வந்தது.

“ஏனம்மா இப்பிடிச் செய்தனீங்கள்?”

“பின்னை என்ன? ஒரு வெள்ளைக்காரப் பெட்டைக்கு முன்னாலை நான் நொண்டி நொண்டி நடக்கிறதே? எங்கடை மானம் என்னாகிறது?”

இரண்டாம் தரம் அண்ணை ஒரு மாதம் வகுப்பு எடுத்தார். நோவை நடிக்கச் சொல்லவில்லை, உள்ள நோவை ஒளிக்கவேண்டாம் என்றுதான் சொன்னார். அது நடிப்பைவிடக் கஷ்டமான பாடம். எண்பது வயது வரை நோவை விழுங்கிப் பழகிய மனுசியிடம் ஒரு அந்நியருக்கு முன்னால் “ஐயோ” என்று சொல்லக் கேட்பது லேசான காரியமா? ஆச்சி கடைசியில் நாலு அடி வைத்து, கதிரையைப் பிடித்து, யாரையும் பார்க்காமல் அழுதுவிட்டார். பாட்ஜ் வந்தது. கட்டணம் பத்துப் பவுண், மூன்று வருடத்துக்கு.

அதற்குப் பிறகு அண்ணை சட்டம் படித்த விதம் தனி. ஒவ்வொரு விதியையும் ஒவ்வொரு டிக்கெட்டாகப் படித்தார். முதல் டிக்கெட் ஆச்சியால். பாட்ஜின் ஒரு பக்கம் சக்கரநாற்காலிப் படமும் முடிவுத் திகதியும், மறுபக்கம் உரியவரின் படமும் பேரும். டாஷ்போர்ட்டில் திகதிப் பக்கம் மேலே தெரிய வைக்கவேண்டும். “என்ரை படத்தை ஏன்டா குப்புறப் போடுறாய்?” என்று ஆச்சி அதை மெல்லத் திருப்பி வைத்துவிட்டார். ஆச்சியின் முகம் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, கண்ணாடியில் டிக்கெட் ஒட்டியிருந்தது.

இரண்டாவது, மணிக்கூட்டால். இங்கிலாந்தில் மஞ்சள் கோட்டில், ஒற்றையோ இரட்டையோ, மூன்று மணித்தியாலம் விடலாம். பாட்ஜோடு தரும் மட்டை மணிக்கூட்டில் வந்த நேரத்தைத் திருப்பி வைக்கவேண்டும். அண்ணை போகப்போகும் நேரத்தை வைத்திருந்தார். மூன்றாவது, நடைபாதை விளிம்பில் குறுக்கே இழுத்த குட்டி மஞ்சள் கீறுகளால். அந்தக் கீறு இருந்தால் ஏற்றி இறக்கத் தடை, அங்கே பாட்ஜுக்கு மதிப்பில்லை. நாலாவது பெரிய பாடம். வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு ஹோட்டலில் கல்யாணம். வெஸ்ட்மின்ஸ்டர், சிட்டி, கென்சிங்டன் செல்சி, காம்டனின் ஒரு பகுதி ஆகியவை தங்களுக்கென்று தனி விதி வைத்திருக்கின்றன. எங்கள் மஞ்சள் கோட்டுச் சலுகை அங்கே எடுபடாது. அன்று மொய்யைவிட டிக்கெட் கூட.

இவ்வளவு கட்டிப் படித்த ஆளுக்கு வாய் சும்மா இருக்குமா? காட்ஸ் மேசையில் வரலாறு தொடங்கும். “1970-இலை ஆல்ஃப் மொரிஸ் எண்ட எம்.பி. கொண்டந்த சட்டமடா இது. முதலாம் உலகப் போரிலை காயப்பட்டு வந்த ஒருத்தற்றை மகன். 1971-இலை ஒறேஞ் பாட்ஜ். 2000-இலைதான் நீலம்.” யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லுவார். தாளைப் போடு அண்ணை என்றால்தான் நிற்பார்.

வரலாறு பரவாயில்லை. அவருடைய காவல்துறை வேலைதான் தாங்காது. ஒருநாள் சூப்பர்மார்க்கெட்டில், பாட்ஜ் இடத்தில் காரை விட்டு இருபது வயதுப் பெடியன் ஒருவன் இறங்கினான். பிரம்பு இல்லை, நொண்டல் இல்லை. “பார், நல்லா நடக்கிறான். பாட்டியின்ரை பாட்ஜாத்தான் இருக்கும்” என்று அண்ணை கொதித்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் படம் பிடிக்கவும் வெளிக்கிட்டார். 2019 ஓகஸ்டிலிருந்து இங்கிலாந்தில் வெளியே தெரியாத குறைபாடுகளுக்கும் பாட்ஜ் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். ஓட்டிசம், கடும் பதற்றம் உள்ளவர்களும் வாங்கலாம், முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது. அண்ணை கொஞ்ச நேரம் பேசவில்லை. “அது நான் படிக்காத பாடம்” என்றார். அதற்கு டிக்கெட் வராதே, எப்படிப் படிப்பார்?

அதே இடத்தில் இன்னொன்றும் கண்டேன். பாட்ஜ் இடத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் கோடு போட்டு ஒரு துண்டு நிலம் வெறுமையாக விட்டிருப்பார்கள், 1.2 மீட்டர் அகலம். சக்கரநாற்காலி இறங்கித் திரும்ப அவ்வளவு வேண்டும். அதற்குள் யாரோ இரண்டு ட்ரொலியைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். அண்ணை முணுமுணுத்துக்கொண்டே அவற்றை எடுத்துக் கொண்டுபோய் விட்டார். மனுசனில் எனக்குப் பிடித்த கணம் அது. அவருக்கு அது நினைவும் இருக்காது.

இனி மீன்கடை. சனிக்கிழமை காலை, ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக்குப் பக்கத்துத் தெரு. இரட்டை மஞ்சள் கோடு, பாட்ஜ் சரியான பக்கம், மணிக்கூடு சரியான நேரம், விளிம்பில் கீறு இல்லை, பின்சீற்றில் ஆச்சி. எல்லாம் கச்சிதம் என்று அண்ணை உள்ளே போய் விளைமீனைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிங் வார்டன் வந்தார். பாட்ஜை வாங்கிப் பார்க்க அவருக்கு அதிகாரம் உண்டு. ஆச்சி கண்ணாடியை இறக்கினார்.

“மேடம், ஆர் யூ கோயிங் டு த ஷொப்?”

“நோ, நோ. மை சன் கோ. ஐ சிட்.” ஆச்சி சந்தோசமாகச் சொன்னார். “எவ்ரி சற்றடே ஐ சிட்.”

அண்ணை மீன் பையோடு ஓடி வந்தபோது வார்டன் அமைதியாக விளக்கினார். உரியவர் காரிலேயே இருக்க, நடக்கக்கூடிய ஆள் அந்தச் சலுகையில் போய்ச் சாமான் வாங்குவது முறையில்லை, பாட்ஜ் அம்மாவுடைய தேவைக்கு, உங்களுடைய மீனுக்கு அல்ல என்றார். டிக்கெட் எழுதவில்லை. எழுதியிருக்கலாம் என்று அண்ணை பிறகு பலதரம் சொல்லியிருக்கிறார். ஏனென்றால் ஆச்சிக்கு அந்த ஆங்கிலம் விளங்கிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை கார் நின்றதும் ஆச்சி கதவைத் திறந்தார். “நான் இறங்கினாத்தான் சட்டம்.” மீன்கடைக்குப் போய்ச் செவுளைத் தூக்கிப் பார்த்தார். கண் மங்கினதைத் தள்ளினார். சூடை என்ன விலை என்று கேட்டு, யாழ்ப்பாணத்து விலையைச் சொல்லிக் கடைக்காரனை வெட்கப்படுத்தினார். பிறகு மரக்கறிக்கடை, நகைக்கடையில் சும்மா ஒரு பார்வை, மலிபன் பிஸ்கட். மூன்று மணித்தியாலம் அண்ணைக்கு அதுவரை நீண்ட நேரமாக இருந்தது. இப்போது இரண்டே முக்காலில் மணிக்கூட்டைப் பார்த்து வியர்க்கத் தொடங்கினார். காரை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிவந்து அதே தெருவில் விடலாமா என்றால், ஒரு மணித்தியாலம் கழியாமல் விடக்கூடாது. பாட்ஜை ஆச்சி தன் கைப்பைக்குள் வைக்கத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான்.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்குத் திகதி. மூன்று வருடக் காத்திருப்பு. மருமகள் கோயிலுக்கு அர்ச்சனை சொன்னாள், பேரன் ஆச்சியைக் கட்டிப்பிடித்தான். அண்ணை மட்டும் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். நடை தேறினால் பாட்ஜைக் கவுன்சிலுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற விதியும் அவர் அறிந்ததே.

“அவசரமில்லை அம்மா, விண்டர் முடியட்டுமே” என்றார்.

ஆச்சி அவரை நிமிர்ந்து பார்த்தார். “கால் சுகமானாப் பிறகு சனிக்கிழமை மீன்கடைக்குக் கூட்டிக்கொண்டு போவியே?”

அண்ணை யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், மனுசன் பொய் சொல்லமாட்டார்.

“பஸ் இருக்குத்தானே அம்மா. உங்களுக்கு ஃப்ரீ.”

ஆச்சி கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்தார். பாட்ஜ் இருக்கும் அதே கைப்பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடினார்.