ராத்திரி ரவுண்ட்ஸ் யார் போனது?

ஒரு நாள் காலை வேலூர் கோட்டைக்கு எதிரே முக்கால் மணி நேரம் ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்திருந்தேன். மெட்ராஸிலிருந்து பெரியவர் யாரோ வருகிறாராம், ரோட்டை மறித்துவிட்டார்கள். ஐம்பது அடிக்கு ஒரு போலீஸ்காரர். அத்தனை பேரும் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆபத்து வந்தால் டிபன் பாக்ஸும் கையுமாக நிற்கிற என்னிடமிருந்துதான் வருமாம்!

என் முதுகுக்குப் பின்னால் கோட்டை கமுக்கமாகச் சிரித்த மாதிரி இருந்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? பந்தோபஸ்து விஷயத்தில் அது பார்க்காததா?

எங்கள் ஊரைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, அதிகாரம் இல்லாத போலீஸ் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். லிஸ்ட்டில் பெண்களைப் பற்றியும் ஒரு அயிட்டம் உண்டு. அதை இங்கே எழுதினால் எனக்கே போலீஸ் பாதுகாப்பு தேவைப்படும்.

ஆறு பாலாறு, அதைப் பற்றிப் பேசினால் அழுகை வரும். ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். போலீஸுக்கு ஏன் அதிகாரம் இல்லை என்றால், கோட்டைக்குள் இருந்தது போலீஸ் பயிற்சிப் பள்ளி. காக்கி உண்டு, லத்தி உண்டு, யாரையும் பிடிக்க முடியாது. ராஜா இல்லை என்பதுதான் பச்சைப் பொய். ராஜாக்களை நாங்கள் வெளியூரிலிருந்து இறக்குமதி செய்துகொண்டிருந்தோம்.

1799இல் திப்பு சுல்தான் விழுந்ததும் அவருடைய பிள்ளைகளும் குடும்பமும் இங்கே வந்து இறங்கினார்கள். 1816இல் கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வந்தார். 1832இல் இங்கேயே கண்ணை மூடினார். எல்லோருக்கும் இருபத்துநாலு மணி நேரக் காவல். இன்றைய இசட் பிளஸ் போலத்தான், ஒரே ஒரு வித்தியாசம்: அவர்களைக் காப்பாற்ற இல்லை, அவர்களிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியைக் காப்பாற்ற.

இப்போது 1806இல் நடந்த சிப்பாய்க் கலகத்துக்கு வருவோம். கோட்டைக்குள் நாலு கம்பெனி வெள்ளைக்கார சிப்பாய்கள், மூன்று பட்டாளம் நம்மூர் சிப்பாய்கள். கமாண்டர் கர்னல் ஃபேன்கோர்ட். சுற்றிலும் அகழி, அதில் ஒரு காலத்தில் முதலைகளே இருந்ததாகச் சொல்வார்கள். இதற்கு மேல் என்ன பாதுகாப்பு வேண்டும்? காவல் நிற்பவனிடம் வம்புக்குப் போகாமல் இருந்தால் போதும். அது ஒன்றைத்தான் செய்ய முடியவில்லை.

மெட்ராஸ் ராணுவத்தின் தளபதி சர் ஜான் கிராடக். மனுஷனுக்குச் சிப்பாய்களின் வீரத்தில் குறை தெரியவில்லை, லுக்கில்தான் குறை. தாடியை எடு, மீசையை ட்ரிம் பண்ணு, நெற்றியில் நாமம், விபூதி கூடாது, கடுக்கனைக் கழற்று என்று ஆர்டர். ராணுவத் தளபதியா, ஸ்கூல் பி.டி. வாத்தியாரா என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம்.

அத்தோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அட்ஜுடண்ட் ஜெனரல் ஆக்னியு ஒரு புதுத் தலைப்பாகையை டிசைன் செய்தார். பார்க்க வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி இருக்கும், அதன் மேல் தோலில் செய்த ஒரு வில்லை. மாட்டுத் தோலா, பன்றித் தோலா? இந்து ஒரு பக்கம் பதறினார், முஸ்லிம் இன்னொரு பக்கம் பதறினார். இன்றைக்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுக்க ஊறுகிற தோல் உலகத்துக்கே ஷூ ஆகப் போகிறது. அதே கரையில் ஒரு துண்டுத் தோல் ஒரு சாம்ராஜ்யத்தின் தூக்கத்தைக் கெடுத்தது. காலில் போட வேண்டியதைத் தலையில் வைத்தால் அப்படித்தான்.

மே மாதமே ஒரு பட்டாளம் இந்தத் தொப்பியைப் போட மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. அரசாங்கம் என்ன செய்தது? தொப்பியை மாற்றவில்லை. மறுத்தவர்களுக்குக் கசையடி கொடுத்தது. ஒரு இந்துவையும் ஒரு முஸ்லிமையும் வேலையை விட்டே அனுப்பியது. மத நல்லிணக்கத்தில் கம்பெனியை யாரும் குறை சொல்ல முடியாது.

ஜூனில் இன்டெலிஜென்ஸ் ரிப்போர்ட்டும் வந்தது, அதுவும் ஓசியில். முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் மேலதிகாரியிடம் போய், "சதி நடக்கிறது" என்று சொன்னார். அதிகாரி நியாயஸ்தர், விசாரிக்கச் சொல்லி இந்திய அதிகாரிகளிடமே விஷயத்தைக் கொடுத்தார். சதியில் பங்கிருந்தவர்கள் கூடி உட்கார்ந்து, ஆழ்ந்து யோசித்து, "இவனுக்குப் பைத்தியம்" என்று தீர்ப்புச் சொன்னார்கள். கோட்டையிலேயே விவரமாக இருந்த ஒரே ஆள் லாக்கப்புக்குப் போனார். பிறகு அவருக்குப் பரிசும் பென்ஷனும் கிடைத்தன, சொன்னது நடந்து முடிந்த பிறகு.

ஜூலை 10ஆம் தேதி காலை அணிவகுப்பு. வழக்கமாக வெளியே குடிசைகளில் தூங்குகிற சிப்பாய்களை, விடிகாலையில் லேட்டாக வந்துவிடுவார்களே என்று முந்தின ராத்திரி கோட்டைக்குள்ளேயே படுக்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளே யார் யார் எங்கே காவல் என்ற டூட்டி சார்ட்டைப் போட்டவரும் சதிக்கு வேண்டியவர். தன் ஆட்களாகப் பார்த்துப் போட்டார். இனிமேல் யாராவது ராத்திரி ஒரு ரவுண்ட்ஸ் வந்தால்தான் உண்டு.

ரவுண்ட்ஸ் போக வேண்டியவர் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. அன்றைக்கு அவர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள், நைட் டூட்டி பார்த்த யாருக்கும் அந்தக் கேள்வி வராது. வேலையை இந்தியர்கள் தலையில் கட்டினார். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் ஜமேதார் ஷேக் காசிம். கலகத்தின் முக்கியக் குற்றவாளிகளில் ஒருவர் என்று பின்னால் விசாரணையில் பெயர் வந்ததே, அதே ஷேக் காசிம்! இந்தியப் பாதுகாப்புச் சரித்திரத்தில் இவ்வளவு அக்கறையாக யாரும் ரவுண்ட்ஸ் போயிருக்க மாட்டார்கள்.

விடிவதற்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது வெடித்தது. வெளியே வந்த ஃபேன்கோர்ட் சுடப்பட்டார். கோட்டைக்கு வெளியே போய்க்கொண்டிருந்த மேஜர் ஆம்ஸ்ட்ராங் சத்தம் கேட்டு மேட்டில் ஏறி, "என்ன சுடுகிற சத்தம்?" என்று விசாரித்தார். பதில் தோட்டாவாகவே வந்தது.

திப்புவின் மூத்த மகன் ஃபத்தே ஹைதரை ராஜா என்று அறிவித்தார்கள், புலிக்கொடி ஏறியது. இதற்குள் ஆற்காட்டில் இருந்த கர்னல் கில்லெஸ்பிக்குக் காலை 6 மணிக்குத் தகவல் போய்விட்டது. சுமார் 25 கிலோமீட்டர். இன்றைக்கு மேல்விஷாரத்துப் பிரியாணிக் கடைகளைத் தாண்டி அவ்வளவு சீக்கிரம் யாராலும் வர முடியாது. அவர் குதிரைப்படையோடு 9 மணிக்கெல்லாம் வந்து நின்றார். மதில் மேல் தவித்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார சிப்பாய்கள் ஒரு கயிற்றையும் சார்ஜெண்டின் இடுப்புக் கச்சையையும் தொங்கவிட, அதைப் பிடித்து ஏறினார். புது ராஜாவின் ஆட்சி காலை டிபனோடு முடிந்தது.

இதற்குப் பிறகு நடந்ததில் சிரிக்க எதுவும் இல்லை. வெள்ளைக்காரர்கள் நூற்றுக்கு மேல் செத்திருந்தார்கள். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பிடிபட்டவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டி வைத்தார்கள்.

தொப்பி? ரத்து. தாடி, நாமம், கடுக்கன் எல்லாம் திரும்பி வந்தன. கிராடக்கையும் கவர்னர் பெண்டிங்க் பிரபுவையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. ஆகா, நியாயம் ஜெயித்தது என்கிறீர்களா? பெரிய அதிகாரிகளுக்கு இருக்கிற பாதுகாப்பு உங்களுக்கு இன்னும் புரியவில்லை. கிராடக் 1811இல் தென்னாப்பிரிக்காவில் கேப் காலனிக்குக் கவர்னரானார், 1819இல் பிரபுவானார், அடுத்த வருஷம் குடும்பப் பெயரின் ஸ்பெல்லிங்கையே மாற்றி காரடாக் ஆகிவிட்டார். நியூமராலஜி பார்த்தாரோ என்னவோ! பெண்டிங்க் 1828இல் இந்தியாவுக்கே திரும்பி வந்தார், கவர்னர் ஜெனரலாக. அந்த இசட் பிளஸ்ஸை எந்த ஷேக் காசிமாலும் உடைக்க முடியாது.

நான் ஸ்கூட்டரில் உட்கார்ந்து இதையெல்லாம் அசைபோட்டு முடிக்கும்போது சைரன் கேட்டது. பைலட் கார், எஸ்கார்ட், நடுவில் கறுப்புக் கண்ணாடி, மறுபடி எஸ்கார்ட். பத்து செகண்டில் பாதுகாப்பு முடிந்துவிட்டது. எனக்கு முன்னால் விடிகாலையிலிருந்து நின்ற கான்ஸ்டபிள் பெருமூச்சு விட்டுத் தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் சிவப்பாக ஒரு வளையம்.

"தொப்பி சரியா இருக்கா சார்?" என்று கேட்டேன்.

விசித்திரமாகப் பார்த்தார். "டைட்டுதான் சார். யார் கேக்கறாங்க?"

கோட்டையைத் திரும்பிப் பார்த்தேன். அது சிரிப்பதை நிறுத்தியிருந்தது.