குடும்பம் என்றால் சம்பளம் உண்டா?

கேள்வி: அண்ணாச்சி, இன்ஜினியரிங் முடித்த என் மகன் லிங்க்ட்இன்னில் வேலை தேடுகிறான். ஒரு ஸ்டார்ட்அப் விளம்பரத்தில் ‘நாங்கள் கம்பெனி இல்லை, குடும்பம்’ என்று போட்டிருக்கிறது. சம்பளத்தைப் பற்றி மூச்சே இல்லை. நம்பி அனுப்பலாமா?
– ஒரு தாய், புதூர்

பதில்: உங்கள் புஞ்சையில் உளுந்துச் செடி பிடுங்கியதற்கு மகனுக்குக் கூலி கொடுத்தீர்களா தாயி? அந்தக் குடும்பமும் அதே கணக்குதான்.

2024 நவம்பரில், உணவு டெலிவரி செய்யும் சொமாட்டோவின் அப்போதைய தலைவர் தீபிந்தர் கோயல் ஒரு வேலைக்கு ஆள் கேட்டார். முதல் வருடம் சம்பளம் கிடையாது. வேலைக்கு வருகிறவர்தான் ஃபீடிங் இந்தியா என்ற தொண்டு அமைப்புக்கு 20 லட்சம் ரூபாய் நன்கொடை தர வேண்டும்! விண்ணப்பம் பத்தாயிரத்தைத் தாண்டியது. பிறகு, ‘அது சும்மா ஒரு வடிகட்டி, பணம் வாங்கப்போவதில்லை’ என்றார். நம் கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்காரர் அட்வான்ஸ் கொடுத்து ஆள் பிடிப்பார். ஆளிடமே அட்வான்ஸ் கேட்கும் யோசனை பாவம், அவருக்குத் தோன்றவில்லை.

இந்த விளம்பரங்களில் வரும் மற்றச் சொற்களுக்கும் பொருள் சொல்லிவிடுகிறேன். ‘வேகமான சூழல்’ என்றால் மூன்று பேர் வேலை ஒருத்தன் தலையில். ‘பசியுள்ள இளைஞர்கள் தேவை’ என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமில்லை.

மகனுக்கும் ஒரு வார்த்தை. விளம்பரத்துக்குக் கீழே ‘இன்ட்ரஸ்டட் சார்’ என்று முந்நூறாவது ஆளாக எழுத வேண்டாம். தன் பெயர், தெரிந்த வேலை, செய்துகாட்டிய ஒன்று என நாலு வரியில் நேராக மெயில் போடட்டும். ஐந்தாவது வரியில், ‘சம்பளம் எவ்வளவு?’ என்று கேட்கட்டும். அது மரியாதைக் குறைவு இல்லை.