பாக்கப் கார்ட் பிரச்சினை

2018 ஜூலையில் ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணி டிமார் டிரோசனைக் கொடுத்து கவாய் லெனார்ட்டை வாங்கியபோது எங்கள் வீட்டில் அழுகை இருந்தது, சண்டை இருக்கவில்லை. ஒன்பது பருவம் விளையாடிய பிள்ளையைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்களே என்று மச்சாள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவ்வளவுதான். பெரிய இடத்து விவகாரம், பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

சண்டை வந்தது அடுத்த பெப்ரவரியில். ஜெரமி லின் என்ற ஒரு பாக்கப் கார்டை எடுத்ததற்கு.

பாக்கப் கார்ட் என்றால் என்ன வேலை என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஆட்டம் 48 நிமிடம். பந்தை மேலே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற முதல் கார்ட் மூச்சு வாங்க வெளியே வருவார். அந்த இடைவெளியில் உள்ளே போய், முன்னிலை கரைந்துவிடாமல் காத்து, பந்தைத் தொலைக்காமல் திருப்பித் தரவேண்டும். நன்றாகச் செய்தால் ஒருவருக்கும் நினைவிருக்காது. பிழை விட்டால் ஊருக்கே தெரியும்.

அந்த மாதம் அணியில் உண்மையாகவே ஆள் பஞ்சம். மெம்பிஸிலிருந்து மார்க் கசோலை எடுப்பதற்காக வலன்சியூனஸ், டெலோன் ரைட், சி. ஜே. மைல்ஸ் ஆகிய மூன்று பேரைக் கொடுத்திருந்தார்கள். அதில் ரைட் ஒரு கார்ட். இருந்த மற்றப் பாக்கப், ஃபிரெட் வான்வ்லீட், இடக்கைப் பெருவிரலில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு இருந்தார். மிஞ்சியது கைல் லௌரி, 33 வயதை எட்டப்போகிறவர், அந்தக் குளிர்காலத்தில் முதுகு நோவால் பல ஆட்டங்களைத் தவறவிட்டவர். போதாததற்கு லீக்கின் சட்டம் வேறு. பட்டியலில் 15 பேர் வரை வைத்திருக்கலாம், 14-க்குக் கீழே போனால் இரண்டு கிழமைக்குள் நிரப்பவேண்டும்.

இந்தச் சட்டமெல்லாம் எனக்குத் தெரிந்தது சித்தப்பாவால். சித்தப்பா பங்குனி, சித்திரையில் ஊராரின் வருமான வரிப் பத்திரம் நிரப்புகிறவர். மற்ற மாதங்களில் அவருடைய மூளைக்குத் தீனி என்பிஏ சம்பள விதிகள். பந்தை ஒழுங்காக எறியத் தெரியாது. ஆனால் எந்த வீரருக்கு எந்த வருடம் எவ்வளவு காசு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

லின் பெப்ரவரி 13-ஆம் தேதி கையெழுத்திட்டு அன்றிரவே வாஷிங்டனுக்கு எதிராக விளையாடினார். எட்டுப் புள்ளி, ஐந்து அசிஸ்ட், வெற்றி. உடனே ஓல்-ஸ்டார் இடைவேளை வந்துவிட்டது. ஒரு கிழமைக்கு மேல் ஆட்டமே கிடையாது. அதாவது கையில் இருந்த ஆதாரம் ஒரேயொரு ஆட்டம், வாதாடுவதற்கோ கிழமைக் கணக்கில் நேரம். இதில் ஒன்ராறியோவின் குடும்பநாள் விடுமுறையும் அந்தத் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. குடும்பம் ஒன்றுகூட அரசாங்கம் சம்பளத்தோடு லீவு தருகிறது. கூடினால் என்ன நடக்கும் என்று அரசாங்கம் யோசிக்கவில்லை.

ஸ்காபரோவில் மாமா வீட்டு பேஸ்மென்ற். வெளியே பனி. மேசையில் மட்டன் ரோல்ஸ். மாமாதான் தொடக்கி வைத்தார்.

"உவனையோ எடுத்தவங்கள்? உவன் எங்களுக்குச் செய்த வேலை மறந்துபோச்சோ?"

மாமா சொன்னது 2012 பெப்ரவரி 14. அப்போது லின் நியூயோர்க் நிக்ஸில். யாரென்றே தெரியாமல் இருந்து, பத்து நாளில் உலகமே பெயர் சொல்லும் ஆளாகியிருந்த நேரம். ரொறன்ரோவுக்கு வந்தார். 87-87. நேரம் ஓட ஓட நடுவில் நின்று பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். அரைச் செக்கன் மிச்சம் இருக்கையில் மூன்று புள்ளி. 90-87. இதில் மாமாவை வாட்டியது தோல்வி இல்லை, எங்கள் அரங்கத்தில் எங்கள் சனமே எழும்பி நின்று கைதட்டியதுதான். மாமா ரிமோட்டைச் சுவரில் எறிந்தார். சுவரில் இருந்த அடையாளத்தை மாமி நாட்காட்டி தொங்கவிட்டு மறைத்திருக்கிறார்.

"ஏழு வருசம் ஆச்சு, அண்ணை," என்றார் சித்தப்பா. "இது பை-அவுட். மலிஞ்ச விலை. அற்லான்ராவோட பேசி, வரவேண்டிய சம்பளத்தில கொஞ்சத்தை விட்டுக்குடுத்திட்டு வெளிய வந்தவன். 48 மணித்தியாலம் வேற ஒருத்தரும் கேக்கேல்லை எண்டால் ஆள் சுதந்திரம்."

"வேலையை விட்டுப் போறதுக்கும் காசு குடுக்கிறாங்களோ?" என்று மேலேயிருந்து இறங்கி வந்த அம்மா கேட்டார். அம்மா வேலை செய்த தொழிற்சாலை மூடியபோது கிடைத்தது ஒரு வான்கோழி.

யாரும் பதில் சொல்லவில்லை. அம்மா அந்த வழியில் போகத் தொடங்கினால் நிற்கமாட்டார் என்று மருமகன் பேச்சை மாற்றினான். மாற்றிய இடம்தான் வினை. "அம்மம்மா, லின் ஹார்வர்ட்ல படிச்சவர். எக்கனாமிக்ஸ்."

அம்மா ரோல்ஸ் தட்டைக் கீழே வைத்தார்.

"ஹார்வர்ட்டோ?"

"ஓம்."

"தாய் தகப்பன் என்ன செய்யினம்?"

"தாய்வான்ல இருந்து வந்தவை. ரெண்டு பேரும் என்ஜினியர். நியூயோர்க்கில விளையாடேக்க தமையன்ர வீட்டு சோபாவில படுத்தவராம். தமையன் அப்ப பல் வைத்தியத்துக்குப் படிச்சுக்கொண்டிருந்தவர்."

அம்மா சிறிது நேரம் அந்தக் குடும்பத்தை மனதில் நிறுத்திப் பார்த்தார். பிறகு கேட்ட கேள்விக்கு இன்றுவரை எந்த விளையாட்டு நிபுணரும் பதில் சொல்லவில்லை. "ஹார்வர்ட்டில படிச்ச பிள்ளையை விட்டிட்டு, ஆரடா மற்றவனை முதல் ஆளா வைச்சிருக்கிறது?"

லௌரி வில்லனோவாவில் படித்தவர் என்று மருமகன் சொன்னான். அம்மாவுக்கு அந்தப் பெயர் புதிது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் லின்னுக்கு நிரந்தர வாக்கு ஒன்று உண்டு, தகப்பன் என்பிஏ ஆட்ட வீடியோக்களைப் பார்த்தே பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தார் என்று தெரிந்த பிறகும் அது ஆடவில்லை. "பொழுதுபோக்குக்குச் சொல்லிக்குடுத்திருப்பார்," என்றார் அம்மா.

மச்சாளின் வழக்கு வேறு. லின்னுக்குக் கொடுத்த இலக்கம் 17. அது வலன்சியூனஸின் இலக்கம். அந்த லித்துவேனியப் பெடியன் 2012-இலிருந்து ஏழு பருவம் அதைப் போட்டுக்கொண்டு ஓடியவன். அவன் போய் ஒரு கிழமை ஆகவில்லை, இலக்கத்தைக் கழற்றி இன்னொருத்தனுக்குக் கொடுத்துவிட்டார்கள். "செத்த வீட்டிலயும் முப்பத்தொண்டு பாப்பினம்," என்றாள் மச்சாள். மகனுக்கு அந்த ஜேர்சியை முழு விலைக்கு வாங்கியவள் அவள். சித்தப்பா குனிந்து அதன் முதுகைப் பார்த்தார். "இலக்கம் அப்படியே இருக்குத்தானே. பேரை மட்டும் பிரிச்சுப்போட்டு லின் எண்டு தைக்கலாம். மூண்டு எழுத்துத்தான். மிச்சம்." மச்சாள் சித்தப்பாவோடு கதைக்காமல் விட்டது அந்த இடத்தில்தான்.

மருமகன் மட்டும் புள்ளிவிவரத்தோடு வந்திருந்தான். ஒரு ஆட்டத்தை வைத்து எதையும் சொல்லமுடியாது, சாம்பிள் காணாது என்றான். உண்மைதான். ஆனால் காணாத ஆதாரத்தை வைத்து முடிவெடுக்கத் தெரியாதவன் எங்கள் குடும்பத்தில் எப்படிப் பிறந்தான் என்பதுபோல எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் பார்த்த காணி வழக்குகளில் முழுக்காணிக்கு வழக்காடியவர்கள் குறைவு. வேலியைப் பக்கத்து வீட்டுக்காரன் நாலு விரற்கடை தள்ளிப் போட்டால்தான் அப்புக்காத்தைத் தேடிப் போவார்கள், பேரன் காலம்வரை இழுப்பார்கள். பாக்கப் கார்ட் அந்த நாலு விரற்கடை. கவாய் லெனார்ட்டைப் பற்றி மாமா என்ன சொல்லமுடியும்? நல்லா விளையாடுறான் என்று சொல்லலாம். அதை எல்லோரும் சொல்கிறார்கள். 15 பேரில் கடைசி இருக்கைக்காரனைப் பற்றி என்றால்தான் மாமாவின் சொல்லுக்கு ஒரு பெறுமதி. அப்போதைய அணி நிர்வாகத் தலைவர் மசாய் உஜிரி தொலைபேசி எடுத்துக் கேட்டாலும் கேட்கக்கூடும் என்ற இடம் அது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். லின் ராப்டர்ஸுக்காக 23 ஆட்டம் ஆடினார். மூன்று புள்ளி எறிகளில் நூற்றுக்கு இருபதுதான் விழுந்தது. "சுவரில ரிமோட் எறிஞ்சாலும் இருபது வீதம் விழும்," என்றார் மாமா, அனுபவத்தோடு. ஏப்ரலில் பிளேஓஃப் தொடங்கியதும் பயிற்சியாளர் நிக் நேர்ஸ் ஆட்களைச் சுருக்கினார். லின் மொத்தம் எட்டு ஆட்டத்தில் 27 நிமிடம். இறுதித்தொடரில் ஏறத்தாழ ஒரு நிமிடம். மே 12-ஆம் தேதி கவாயின் பந்து வளையத்தில் நாலு தரம் துள்ளி விழுந்து பிலடெல்பியாவை வீட்டுக்கு அனுப்பியபோது, ஒருவரோடொருவர் கதைக்காதவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்தார்கள். பின்னர் நினைவு வந்து விட்டுவிட்டார்கள்.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், அந்தப் பருவம் ராப்டர்ஸுக்குச் சாம்பியன் கிண்ணத்தைக் கொண்டுவந்ததில் ஒரு பாக்கப் கார்டுக்குப் பெரிய பங்கு இருந்தது. அவர் ஃபிரெட் வான்வ்லீட். 2016-இல் எந்த அணியும் தேர்வு செய்யாத குள்ளப் பெடியன். அவரைப் பற்றிக் குடும்பநாளன்று ஒருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை. மில்வோக்கியோடு நடந்த தொடரின் நடுவில் மகன் பிறந்தான். அதுவரை எறிந்ததெல்லாம் வெளியே போனவருக்கு அடுத்த மூன்று ஆட்டத்தில் 17 மூன்று புள்ளி எறிக்கு 14 விழுந்தது. பிள்ளை பிறந்த நேரம் என்று அம்மா சொன்னார், மருமகனின் புள்ளிவிவரத்தால் அதை மறுக்கமுடியவில்லை. இறுதித்தொடர் நாலாம் ஆட்டத்தில் முழங்கை பட்டுக் கண்ணுக்குக் கீழே ஏழு தையல், பல்லிலும் உடைவு.

"பாத்தியளோ," என்றார் அம்மா. "கடைசியில பல் வைத்தியன்தான் தேவைப்பட்டது."

ஜூன் 13, ஓக்லண்டில் 114-110. வான்வ்லீட் 22 புள்ளி. தொடரின் சிறந்த வீரருக்கான 11 வாக்கில் பத்து கவாய்க்கு, ஒன்று வான்வ்லீட்டுக்கு. "நான் அப்பவே சொன்னனான்," என்றார் சித்தப்பா. எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் ரசீது காட்டுவார்.

அந்தக் கோடையில் லின் தாய்வானில் ஒரு மேடையில் நின்று கண்கலங்கினார். எந்த அணியும் கூப்பிடவில்லை. சாம்பியன் மோதிரத்தைத் தான் உண்மையில் சம்பாதித்ததாகவே தோன்றவில்லை என்றார். மருமகன் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினான். அதிசயம், கோபப்பட்டது மாமா.

"ஏன் சம்பாதிக்கேல்லை? நான் இருவது வருசம் ஒரு கட்டடத்தில இரவு செக்யூரிட்டி. கதிரையில இருந்தனான். ஒண்டும் நடக்கேல்லை. அதுக்குத்தான் சம்பளம் தந்தவங்கள். உவனுக்கு ஆரும் சொல்லுங்கோவன்."

அதற்குள் ஜூலையில் கவாய் லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். வீட்டில் ஒரு நிமிடம் பெருமூச்சு. மச்சாள் வழக்கம்போலச் சாப்பிடவில்லை. அதே மாதம் ராப்டர்ஸ் ஸ்பெயினின் வலென்சியா அணியிலிருந்து மற் தோமஸ் என்றொரு கார்டை எடுத்த செய்தி வந்தது. மாமா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"எறிவான். ஆனா ஆளை மறிக்கமாட்டான்."

"முதல்ல ஒப்பந்தம் எத்தனை வருசம் எண்டு பாருங்கோ, அண்ணை."

அம்மா மாடிப்படியில் நின்று மருமகனைக் கூப்பிட்டார். "எங்க படிச்சவனாம்?"

"அயோவா ஸ்டேட், அம்மம்மா."

"என்ன படிச்சவன்?"

மருமகன் கைபேசியில் தேடத் தொடங்கினான்.