கருக்காய்ப் பங்கு

நெல் தூற்றுகிறவருக்கு முதலில் தெரியவேண்டியது காற்று. முறத்தைத் தூக்கிச் சரித்தால் கனத்த மணி காலடியிலேயே விழும்; கருக்காய் காற்றோடு தள்ளிப்போய் விழும். அறுவடை மெஷின் வருவதற்கு முன்னால் பிறந்த திருப்பனந்தாள்காரர் எல்லோருக்கும் இது தெரியும். டில்லிக்கும் தெரிந்திருக்கிறது. களத்தில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். மணி விழுகிற இடத்தில். நாம் எங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை; கண்ணில் தூசி விழுந்துகொண்டே இருக்கிறதே.

தூசியோடு ஒரு கணக்குப் பார்க்கலாம். 2021 ஏப்ரலில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றிய அரசு எடுத்தது 32 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பங்கு போடவேண்டிய அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு. மீதி 31 ரூபாய் 50 காசுக்கு வேறு வேறு பெயர்: சாலை செஸ், வேளாண் செஸ், சிறப்புக் கூடுதல் கலால். வரி என்று பெயர் வைத்தால் பங்கு கொடுக்கவேண்டும். செஸ் என்றோ சர்சார்ஜ் என்றோ பெயர் வைத்தால் வேண்டாம். அரசமைப்புச் சட்டம் 270-ஆவது பிரிவிலேயே அதற்கு வழி விட்டிருக்கிறது. பாகப்பிரிவினைக்கு முதல் நாள் ராத்திரி நகைப்பெட்டி மேல் 'பழந்துணி' என்று எழுதி ஒட்டிய அண்ணனை ஊரில் காறித் துப்புவார்கள். டில்லியில் அதற்குப் பெயர் நிதி மேலாண்மை.

அந்த 1 ரூபாய் 40 காசில், 15-ஆவது நிதிக்குழு சொன்ன 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. 57 காசு. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். பென்சிலை நக்கி நக்கிக் கணக்குப் போட்டேன்: லிட்டருக்கு 2.34 காசு. ரிசர்வ் வங்கி 25 காசையும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களையும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆக, நம் பங்கைக் கையில் கொடுக்கலாம் என்று டில்லி ஒரு நாள் மனமிரங்கினாலும் கொடுப்பதற்குக் காசு கிடையாது.

பிறகு இரண்டு தடவை அந்த மொத்தத் தொகையைக் குறைத்தார்கள். நம் 1 ரூபாய் 40 காசு மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. வேளாண் செஸ் டீசலில் லிட்டருக்கு 4 ரூபாய். டிராக்டருக்கு டீசல் ஊற்றுகிறவனிடம், விவசாயத்தை வளர்க்கப்போகிறோம், 4 ரூபாய் எடு என்று கேட்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குப் பார்க்க ஆசை.

ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்களே என்று எனக்குக் குறை இல்லை. இன்றைக்கு எங்கள் பக்கத்தில் நடவு நடுவதே பிகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள்தான். அவர்கள் ஊருக்குப் போகிற பங்கும் இதே கருக்காயிலிருந்துதான். மணி களத்துக்கு வரவே இல்லை.

தஞ்சாவூர்க்காரனுக்கு இதெல்லாம் புதிதா? மேல்வாரம், குடிவாரம் என்று வார்த்தை வைத்திருந்த மண் இது. உழுதவன் பங்கு ஐந்தில் ஒன்று, அதற்கும் கீழே என்று ஓடிக்கொண்டிருந்தபோது, ரத்தம் சிந்திப் போராடியதற்குப் பிறகு, 1952-இல் ராஜாஜி அரசு தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குத்தகைக்காரனுக்கு விளைச்சலில் 40 சதவீதம் என்றார்கள். எழுபது ஆண்டு கழித்து நிதிக்குழு மாநிலங்களுக்குக் கொடுத்திருப்பது 41. அதுவும் 1952-இல் மொத்த விளைச்சலில் பங்கு. இப்போது ஒதுக்கவேண்டியதை ஒதுக்கிவிட்டு மிஞ்சியதில் பங்கு. அந்தக் காலத்து மிராசுதார் இதைக் கேள்விப்பட்டிருந்தால் 'அடடா, நமக்கு இது தோன்றவில்லையே' என்று வெற்றிலைப் பெட்டியை மூடியிருப்பார்.

டில்லி பாதுஷாவிடம் கேட்டதை வாங்கிக்கொண்டவர் என்று எங்கள் ஊர் சொல்லிக்கொள்வது ஒருவரைத்தான். காசித் திருமடத்தைத் தொடங்கிய குமரகுருபரர். சகலகலாவல்லி மாலை பாடி இந்துஸ்தானி கற்றுக்கொண்டார், சிங்கத்தின் மேல் ஏறிப் பாதுஷா முன்னால் போனார், காசியில் மடத்துக்கு இடம் வாங்கினார் என்பது கதை. நம் நிதியமைச்சர்கள் மனுவோடு விமானத்தில் போகிறார்கள். பொன்னாடையும் போட்டோவும் கிடைக்கின்றன.

மண்ணுக்கு மேலே இந்தக் கதி. கீழே?

எங்களுக்குப் பக்கத்தில் கதிராமங்கலம். கம்பர் குடிசையின் கூரை பிய்ந்தபோது வனதுர்க்கை நெற்கதிரால் வேய்ந்து கொடுத்தாள், கதிர்வேய்ந்தமங்கலம் அப்படித்தான் கதிராமங்கலம் ஆயிற்று என்று சொல்வார்கள். அந்த ஊரில் 2017 ஜூன் 30 அன்று குழாய் உடைந்து கச்சா எண்ணெய் வயலை வேய்ந்தது. கேட்கப்போன சனத்துக்குத் தடியடி, கைது. எண்ணெய் ஒன்றிய அரசு நிறுவனத்துடையது. தடி மாநில அரசுடையது. கூட்டாட்சி இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்து நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

எண்ணெய் வயல் ஒன்றியப் பட்டியலில் 53-ஆவது. நிலத்தில் எடுத்தால் மாநிலத்துக்கு ராயல்டி உண்டு. ஆனால் எத்தனை சதவீதம் என்று முடிவு செய்வது டில்லி. உள்நாட்டுக் கச்சா எண்ணெய் மீது 1974-லிருந்து ஒரு செஸ் இருக்கிறது. 2016-லிருந்து அது மதிப்பில் 20 சதவீதம். அதில் பங்கு கிடையாது. நாகப்பட்டினத்துக் கரையிலிருந்து ஒரு படகு தூரம் போய்த் தோண்டினால் ராயல்டியும் கிடையாது. கடலுக்கு அடியில் உள்ளது ஒன்றியத்துடையது என்று 297-ஆவது பிரிவு எழுதி வைத்திருக்கிறது. மீனவனை இலங்கைக் கடற்படை பிடிக்கும்போது மட்டும் அது யாருடைய கடல் என்று யாருக்கும் நினைவு வருவதில்லை.

இதில் தமிழன் மட்டும்தான் ஏமாளி என்று நினைக்கவேண்டாம். அரசு எண்ணெய் நிறுவனம் விற்பனை நிறுவனங்களுக்குக் கச்சாவைத் தள்ளுபடியில் கொடுத்துவிட்டு, அந்தத் தள்ளுபடி விலைக்குத்தான் ராயல்டி என்றபோது, வழக்குப் போட்டு வாதாடியது குஜராத். 2013-இல் குஜராத் உயர் நீதிமன்றம் சந்தை விலைக்கே கொடு என்றது. அப்போது காந்திநகரில் முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர் நரேந்திர மோடி. மாநில உரிமை என்பது கிழக்கே போகிற ரயிலில் கிடைக்கிற ஜன்னலோர சீட் போல. இறங்கினதும் அடுத்தவன் சமாச்சாரம்.

சுண்ணாம்புக்கல் கதை இன்னும் ருசி. 1958-ஆம் வருடத்து மதராஸ் பஞ்சாயத்துச் சட்டப்படி நிலவரியில் ரூபாய்க்கு 45 காசு பஞ்சாயத்துக்கு மேல்வரி. சுரங்க ராயல்டியையும் அந்தக் கணக்கில் சேர்த்தார்கள். இந்தியா சிமெண்ட்ஸ் வழக்குப் போட்டது. 1989-இல் ஏழு நீதிபதிகள் ராயல்டி என்பதே ஒரு வரி, அதன் மேல் வரி போட மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்றார்கள். 2004-இல் ஐந்து நீதிபதிகள் வேறொரு வழக்கில் அதைப் படித்துவிட்டு, 'ராயல்டி மீதான செஸ் ஒரு வரி' என்று இருக்கவேண்டியது, அச்சுப்பிழை என்றார்கள். பதினைந்து வருடம் ஒரு நாட்டின் சுரங்க வருமானம் விட்டுப்போன இரண்டு வார்த்தையில் தொங்கியிருக்கிறது. ஐந்து பேர் ஏழு பேரைத் திருத்தலாமா என்று அடுத்த இருபது வருடம். கடைசியில் 2024 ஜூலை 25 அன்று ஒன்பது பேர் உட்கார்ந்து, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், ராயல்டி வரி அல்ல, மாநிலம் வரி போடலாம் என்றார்கள். நிலுவையை 2005 ஏப்ரலிலிருந்து கேட்கலாம்; பன்னிரண்டு வருடத் தவணை; முதல் தவணை 2026 ஏப்ரல். எங்கள் ஊர்ச் செஞ்சடையப்பர் தாடகை என்ற பக்தையின் மாலைக்காகத் தலை சாய்த்தார். மன்னன் யானை கட்டி இழுத்தும் நிமிரவில்லை. குங்கிலியக்கலயர் தன் கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுத்தபோது ஒரே இழுப்பில் நிமிர்ந்தார். ஒரு வாக்கியம் நிமிர முப்பத்தைந்து வருடம். வழக்கு தொடங்கியது பஞ்சாயத்துக் காசில் என்பது இப்போது யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

சென்னைக்கு இதுவரை படித்தது இனித்திருக்கும். கொஞ்சம் கொள்ளிடத்துப் பக்கம் வரட்டும். ஆற்று மணலில் அரசுக் கணக்கில் வந்தது 36.45 கோடி ரூபாய். அள்ளியது 4,730 கோடி பெறும் என்று கான்பூர் ஐஐடி ஆய்வை வைத்து அமலாக்கத் துறை சொன்னது. சொன்னது டில்லியின் ஆள், பாதியைத் தள்ளுங்கள். முக்காலையும் தள்ளுங்கள். மிச்சம் எங்கே? தஞ்சாவூர் உட்பட ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்குச் சம்மன் வந்தபோது மாநில அரசே நீதிமன்றத்துக்கு ஓடியது. 2024 பிப்ரவரியில் போய் நேரில் நில்லுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். எண்ணெயில் பங்கு கேட்டு மேஜையைத் தட்டுகிற கைக்கு மணல் கணக்கைக் காட்டும்போது வாதம் வந்துவிடுகிறது.

2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் என்று சென்னையில் சட்டம் செய்தார்கள். புதிய எண்ணெய்க் கிணறு கூடாது. பழைய கிணற்றுக்குச் சட்டம் பொருந்தாது. 2023-இல் வடசேரியில் பழுப்பு நிலக்கரி எடுக்க டில்லியிலிருந்து ஏலப் பட்டியல் வந்தது. ஊர் கொதித்ததும் கைவிட்டார்கள். பாதுகாப்பின் லட்சணம் அது.

இப்போது குறுவை அறுவடை. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். அந்த 17-ஐ 22 ஆக்கச் சென்னை கடிதம் எழுதும், டில்லியிலிருந்து ஒரு குழு வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கும். மண்ணுக்குக் கீழே உள்ள எண்ணெய்க்கு விலை சொன்ன அதே டில்லிதான் மண்ணுக்கு மேலே உள்ள ஈரத்துக்கும் அளவு சொல்கிறது. மீட்டர் 19 காட்டினால் குவியலை வாரிக்கொண்டுபோய்த் திரும்பக் காயவைக்கவேண்டும். சாலை ஓரமெல்லாம் ஏற்கெனவே நெல். வயலுக்கு நடுவே மேடாக நிரவி, தண்ணீர் நிற்காமல், காலியாகக் கிடக்கிற ஒரே தரை எண்ணெய்க் கிணற்று வேலிக்குள் இருக்கிறது. அங்கே கொட்டிக் காயவைக்கலாமா என்று கேட்டால் காவலாளி தம்பி பலகையைக் காட்டுகிறான். பாதுகாக்கப்பட்ட பகுதியாம்.