ஐம்பதுக்குள் பொக்கைவாய்: ஆர்வலர்களுக்குச் சில யோசனைகள்

பல்லை இழக்க வழிகள் பல. பைக்கிலிருந்து விழலாம், சோடா பாட்டிலைப் பல்லால் திறக்கலாம், பங்காளியோடு வரப்புச் சண்டைக்குப் போகலாம். எல்லாமே வலிக்கும், அதுவும் ஒன்றிரண்டு பல்தான் தேறும். சொத்தைப் பல்லையும் நம்ப முடியாது. நடுராத்திரியில் எழுப்பி உட்காரவைத்து, விடிந்ததும் டாக்டர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். வாய் முழுக்கக் காலியாக வேண்டும், வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்றால் ஈறு நோய்தான் சரி. இருபது வருடம் கூடவே குடியிருந்தாலும் அது பெரும்பாலும் வாய் திறந்து பேசாது.

முதலில் மூலப்பொருள். பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிகள் கூடி ஒரு படலம் கட்டும். சாயங்காலம் நாக்கால் துழாவினால் சொரசொரவென்று தட்டுப்படுகிறதே, அதுதான். பிரஷ் பட்டால் வந்துவிடும், அவ்வளவு மென்மை. ஆனால் ஓரிரு நாள் தொடாமல் விட்டுவைத்தால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறி இறுக ஆரம்பிக்கும். காரை பிடித்துவிட்டது என்கிறோம். அதன் பிறகு எந்தப் பிரஷும் எந்தப் பொடியும் அதை அசைக்காது. கீழ்த்தாடை முன்பற்களின் உள்பக்கம் இதற்கு நல்ல இடம். எச்சில் சுரப்பியின் வாய் அங்கேயே திறப்பதால் சரக்கு உடனுக்குடன் கிடைக்கும். அந்தப் பக்கம் பிரஷைக் கொண்டுபோகாதீர்கள். நம்மில் பெரும்பாலோர் சிரித்தால் தெரியும் பல்லைத்தான் தேய்க்கிறோம் என்பதால் இதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை.

பல் தேய்ப்பதை அடியோடு நிறுத்த வேண்டாம், வீட்டில் கேள்வி வரும். கடையில் இருப்பதிலேயே முரட்டுப் பிரஷாகப் பார்த்து வாங்கி, யார் மீதாவது உள்ள கோபத்தை நினைத்துக்கொண்டு, குறுக்குவாட்டில் பத்தே வினாடி இழுங்கள். படலம் அப்படியே இருக்கும், ஈறு மட்டும் தேய்ந்து மேலேறும். செங்கல் தூள், உமிக்கரி கிடைத்தால் இன்னும் விசேஷம். மென்மையான பிரஷை ஈறு விளிம்பில் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்னதாக அசைத்து, இரண்டு நிமிடம் தேய்ப்பவர்களோடு சகவாசம் வேண்டாம். ராத்திரி தேய்ப்பவர்களை அறவே விலக்குங்கள். தூக்கத்தில் எச்சில் குறைந்து கிருமிகள் குஷியாக இருக்கும் நேரத்தில் அவர்கள்தான் குறுக்கே வருகிறவர்கள்.

இந்த முறை பலிக்குமா என்ற சந்தேகமே வேண்டாம். டென்மார்க்கில் ஹரால்டு லோ என்ற பேராசிரியர் 1965இல் வெளியிட்ட ஆய்வில் 12 பேரைப் பல் விளக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார். பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள், விவரம் தெரிந்தவர்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது, ஒருவர்கூட ஏமாற்றவில்லை. மறுபடி தேய்க்கச் சொன்னதும் ஒரு வாரம் போலக் கழிந்து எல்லாருக்கும் சரியாகித் தொலைத்தது. இந்தக் கட்டத்தில் அசந்தால் பட்ட பாடெல்லாம் வீண் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதனால் துப்பும்போது நுரையில் சிவப்பு தெரிகிற நாள்தான் உங்கள் முயற்சிக்குப் பெரிய கண்டம். அன்றைக்கு யாராவது, "ஈறு வீங்கியிருப்பதால்தான் ரத்தம் வருகிறது, அந்த இடத்தை மெதுவாக, ஆனால் விடாமல் சுத்தம் செய்தால் நின்றுவிடும்" என்று சொல்லக்கூடும். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். "எல்லாம் உடம்புச் சூடு" என்று சொல்லிவிட்டு இளநீர் குடியுங்கள். பேஸ்ட்டை மாற்றுங்கள். ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படாமல் ஒதுக்கித் தேயுங்கள். இந்த மூன்றையும் செய்து தோற்றவர்கள் குறைவு. ரத்தத்தைப் பார்த்தால் மனசு கேட்காது என்பவர்கள் பீடி, சிகரெட்டுக்குப் போகலாம். நிகோட்டின் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், ரத்தம் வெளியே அவ்வளவாகத் தெரியாது. உள்ளே எலும்பு கரையும் வேகமோ கூடும். வெற்றிலையோடு புகையிலை அடக்குகிறவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை, அவர்கள் நமக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த கட்டம் பள்ளம். நல்ல ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கும். வீக்கம் நீடித்தால் ஈறு பிடி விட்டு அது நாலு, ஐந்து, ஆறு என்று இறங்கும். அந்த ஆழத்துக்குப் பிரஷின் நார் எட்டாது, கிருமிகளுக்கு நிம்மதி. பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்குவது இங்கேதான். வீக்கமாவது வடியும், இது அப்படியல்ல, போன எலும்பு போனதுதான். சர்க்கரை நோய் இருந்தால் உங்களுக்கு யோகம். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் வர மறுக்கும். ஒன்றுக்கொன்று ஒத்தாசை. சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடம் ஈறு ரத்தத்தைப் பற்றி மூச்சுவிடாதீர்கள்.

வாய் நாற்றம் இதற்குள் வந்திருக்கும். கவலைப்படாதீர்கள், உங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் தள்ளி நின்று பேசுவார்கள், மரியாதை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கிளினிக் பக்கம் போகாமல் இருக்க உறவினர் உதவுவார்கள். "க்ளீன் பண்ணாதீங்க மாமா, எனக்குப் பண்ணித்தான் பல்லெல்லாம் ஆட ஆரம்பிச்சுது" என்று கல்யாணப் பந்தியில் யாராவது நிச்சயம் சொல்வார். உண்மையில் அவருடைய பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது, காரைதான் அண்டக்கொடுத்து நிறுத்தியிருந்தது. எடுத்ததும் குட்டு வெளிப்பட்டது. இதை அவரிடம் விளக்கப் போகாதீர்கள், நல்ல கூட்டாளியை இழப்பீர்கள். வீங்கினால் மருந்துக்கடையில், "அண்ணே, ஈறு வீக்கத்துக்கு ரெண்டு மாத்திரை" என்று கேட்டு வாங்குங்கள். வீக்கம் வடியும், காரை இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன லோவும் அவருடைய குழுவினரும் 1970லிருந்து 15 ஆண்டுகள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைத் தொடர்ந்து பார்த்தார்கள். பல் விளக்கும் பழக்கமோ பல் மருத்துவமோ அவர்களை எட்டியிருக்கவில்லை. ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் பரவி 45 வயதுக்குள் எல்லாப் பல்லும் போனது. 81 சதவீதம் பேருக்கு நிதானமாக நகர்ந்தது. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு சரி, எலும்பு அசையவில்லை. நீங்கள் அந்த 11இல் ஒருவராக இருந்துவிட்டால் இத்தனை சிரத்தையும் பாழ். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தெருவுக்குத் தெரு பல் டாக்டரும், குளியலறையில் மூன்று பிரஷும் வைத்துக்கொண்டு அதே நிலைக்கு வந்து சேர்வது நம்முடைய சொந்த உழைப்பு.

கடைசிப் பல்லும் விழுந்ததும் பல்செட் கட்டிக்கொள்ளலாம். கடிக்கும் வலு சொந்தப் பல்லில் பாதிகூட இருக்காது. பல் இல்லாத தாடை எலும்பு மேலும் கரைந்துகொண்டே போவதால் சில வருடத்தில் செட்டும் லொடலொடக்கும். அதற்குக் கட்டிக்கொடுத்தவரைத் திட்டிக்கொள்ளுங்கள்.